வெட்டிய செலவு எங்கே போகிறது?

பேரன் பள்ளிப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். "தாத்தா, லைப்ரரி ஆன்ட்டியை வேலையை விட்டு அனுப்பப் போறாங்களாம். நீங்க அக்கவுண்ட்ஸ் ஆபீசரா இருந்தீங்கதானே, போய்ச் சொல்லுங்க" என்றான். ஓய்வு பெற்றுப் பதினேழு வருடம் கழித்து என் பதவிக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்தது.

இது நடந்தது 2025 பிப்ரவரியில். கலிபோர்னியாவில், பே ஏரியா என்று சொல்கிறார்களே அங்கே, மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று நானும் மனைவியும் போயிருந்தோம். பேரன் மூன்றாம் வகுப்பு. படிப்பதென்றாலே எழுந்து ஓடுகிற பிள்ளை. அந்த நூலக அம்மா டைனோசர் புத்தகங்களாகத் தேடித் தேடி எடுத்துக் கொடுத்து, ஒரே வருடத்தில் அவனைப் புத்தகமும் கையுமாக அலைய வைத்துவிட்டார். சாப்பிடும்போது புத்தகத்தைப் பிடுங்கி வைக்க வேண்டியிருக்கிறது என்று என் மனைவி அலுத்துக்கொள்ளும் அளவுக்கு.

தாளை வாசித்தேன். அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பெரிய துண்டு விழுகிறது; அதனால் நூலக உதவியாளர்கள், இசை ஆசிரியர்கள், மனநல ஆலோசகர்கள் ஆகிய பணியிடங்களில் சிலவற்றை நீக்கப் பள்ளி வாரியம் தீர்மானம் கொண்டுவருகிறது; பொதுமக்கள் வந்து கருத்துச் சொல்லலாம் என்று இருந்தது. மகளோடு நானும் கிளம்பினேன். முப்பத்தாறு வருடம் கல்வித் துறையின் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவனுக்கு, வெட்டு என்ற சொல்லைக் கேட்டால் வீட்டில் உட்கார முடியுமா?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே 'டிஸ்ட்ரிக்ட்' என்றதும் கலெக்டர், ஜீப், மனுநீதி நாள் என்று நினைத்துவிடக் கூடாது. பள்ளி மாவட்டம் என்பது சில பள்ளிகளோ, சில நூறு பள்ளிகளோ சேர்ந்த ஒரு தனி நிர்வாகம். கலிபோர்னியாவில் மட்டும் இப்படித் தொள்ளாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு ஒரு வாரியத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த வாரியம் ஒரு சூப்பரிண்டெண்டை நியமிக்கிறது. ஆசிரியர் சம்பளம் முதல் கழிவறைத் தாள் வரை முடிவு செய்வது இவர்கள்தான். நம்மூரில் சென்னைக் கோட்டையில் முடிவாகிற விஷயத்தை அங்கே எதிர்வீட்டுக்காரரும், ஒரு பல் டாக்டரும், ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியையும் மேடையில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். பார்க்கவே ஆசையாக இருந்தது.

பிரவுன் சட்டம் என்று ஒன்று அங்கே உண்டு. 1953-ல் வந்தது. அதன்படி வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னதாக நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும். முடிவெடுப்பதற்கு முன் பொதுமக்களைப் பேசவிட வேண்டும். அன்று தலைக்கு இரண்டு நிமிடம். எதிரே ஒரு கடிகாரம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாறிக்கொண்டே இருந்தது.

முதலில் பேசியவர் நல்ல கோபக்காரர். "உயர்நிலைப் பள்ளியில் புது ஜிம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதற்குப் பணம் இருக்கிறது, நூலகத்துக்கு இல்லையா?" என்றார். பலத்த கைதட்டல். மகளும் தட்டினாள். நான் மட்டும் தட்டவில்லை. அவள் என்னை முறைத்தாள்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத்தான் வந்தது. நான் வேலை பார்த்த காலம் முழுவதும் இதே கேள்வியைத் தமிழில் கேட்டிருக்கிறேன். "வாத்தியார் இல்லாத ஸ்கூலுக்கு எதுக்குங்க புது கட்டடம்?" நம் அரசுக் கணக்கில் கல்விக்கான அன்றாடச் செலவு 2202 என்ற தலைப்பில் வரும். கட்டடம் முதலான மூலதனச் செலவு 4202-ல் வரும். 4202-ல் பணம் வழிந்தாலும் அதில் ஒரு ரூபாயை எடுத்து 2202-ல் சம்பளம் போட முடியாது. போட்டால் தணிக்கைக்காரர் தோலை உரித்துவிடுவார்.

அங்கேயும் அதே கதைதான். ஜிம் கட்டும் பணம் கடன் பத்திரத்தில் வந்தது. 2000-ல் முன்மொழிவு 39 என்று ஒன்றை மக்கள் ஓட்டெடுப்பில் நிறைவேற்றினார்கள். பள்ளிக் கட்டடத்துக்குக் கடன் வாங்க 55 சதவீத ஓட்டு போதும், ஆனால் அந்தப் பணத்தில் சம்பளம் கொடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். சம்பளத்துக்கும் உதவும்படி பள்ளி வாரியமே 'பார்சல் வரி' என்று ஒன்றைக் கொண்டுவந்தால், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். செங்கல்லுக்கு 55, ஆசிரியருக்கு 67. எதற்கு முன்னுரிமை என்று கேட்டுக் கோபப்பட்டவரிடம் இதைத்தான் சொல்லத் தோன்றியது. முன்னுரிமையை மேடையில் இருக்கும் ஐந்து பேர் இன்றைக்கு முடிவு செய்யவில்லை. ஊரே சேர்ந்து இருபத்தைந்து வருடம் முன்னால் முடிவு செய்துவிட்டது.

சரி, பணம் ஏன் குறைந்தது? வீட்டுக்கு வந்து மாவட்டத்தின் இணையதளத்தில் இருந்த வரவு செலவு அறிக்கையை இறக்கி, இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். மாப்பிள்ளை ஆச்சரியப்பட்டார். ரிட்டயர் ஆனவனுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு என்ன இருக்கிறது?

முதல் காரணம், பிள்ளைகள் குறைகிறார்கள். கலிபோர்னியா முழுவதும் அரசுப் பள்ளிகளில் 2014-15-ல் சுமார் 62 லட்சம் குழந்தைகள். 2024-25-ல் 58 லட்சம். பே ஏரியாவில் வீட்டு விலை ஏறிய ஏற்றத்தில் இளம் தம்பதிகள் அங்கே குடியேற முடிவதில்லை. பிறப்பு விகிதமும் இறங்கிவிட்டது. மாநில அரசோ, பெயர் பதிவு செய்த குழந்தைக்குப் பணம் தருவதில்லை. வந்து உட்கார்ந்த குழந்தைக்குத்தான் தருகிறது. சராசரி தினசரி வருகை என்று கணக்கு. ஒரு பிள்ளை ஒரு நாள் வராவிட்டால் ஏறக்குறைய ஐம்பது, அறுபது டாலர் போய்விடும். எண்ணிக்கை குறையும் மாவட்டங்களுக்கு முந்தைய ஆண்டுகளின் சராசரியைப் பார்க்கும் சலுகை உண்டு. அது விழுவதைத் தள்ளிப்போடுமே தவிர, தடுக்காது.

இதைப் படித்தபோது எனக்குக் குற்ற உணர்ச்சி வந்துவிட்டது. அதற்கு முந்தைய நவம்பரில் என் தம்பி மகள் கல்யாணத்துக்கு என்று பேரனை மூன்று வாரம் மதுரைக்கு வரவழைத்தவன் நான்தான். பதினைந்து பள்ளி நாள். பள்ளியில் ஒரு கட்டு வீட்டுப்பாடம் கொடுத்து, இதை முடித்துக்கொண்டு வந்தால் வருகையாகக் கணக்கில் எடுத்துக்கொள்வோம் என்று எழுதி வாங்கி அனுப்பியிருந்தார்கள். அந்தக் கட்டு பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. போன கோலத்திலேயே திரும்பிப் போனது. தாத்தாவின் பாசத்தால் பள்ளிக்கு நஷ்டம் எண்ணூறு, தொள்ளாயிரம் டாலர். பே ஏரியாவில் இப்படி எத்தனை தாத்தாக்கள்!

இரண்டாவது காரணம் பழையது. 1978 ஜூனில் கலிபோர்னியா மக்கள் முன்மொழிவு 13 என்பதை நிறைவேற்றினார்கள். வீட்டு வரி, மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீட்டை விற்கும் வரை அந்த மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. 1980-ல் ஒருவர் ஒரு லட்சம் டாலருக்கு வீடு வாங்கியிருந்தால், இன்றைக்கு அவர் வரிக்கான மதிப்பு இரண்டரை லட்சத்தைக்கூடத் தொடாது. அடிப்படை வரி ஆண்டுக்கு 2,400 டாலர் சொச்சம். அடுத்த வீட்டை 14 லட்சம் கொடுத்துப் போன வருடம் வாங்கியவருக்கு 14,000. இரண்டு வீடும் ஒரே அளவு, ஒரே தெரு, ஒரே பள்ளி. வயதானவர்கள் வரி கட்ட முடியாமல் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்பதற்காக வந்த சட்டம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தன் பள்ளிக்குத் தானே வீட்டு வரியைக் கூட்டிக்கொள்ளும் உரிமையை ஊர் அன்றோடு இழந்தது. அதற்குப் பிறகு பெரும்பாலான பள்ளி மாவட்டங்கள் மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவைப் பார்த்துத்தான் கையேந்த வேண்டியிருக்கிறது.

மூன்றாவது காரணம்தான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. கொரோனா காலத்தில் அமெரிக்க மத்திய அரசு பள்ளிகளுக்கென்று மூன்று தவணைகளில் ஏறக்குறைய 19,000 கோடி டாலர் கொடுத்தது. ஒரு முறை தரும் பணம். 2024 செப்டம்பர் 30-க்குள் செலவுக்கு ஒதுக்கி முடிக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். நாடு முழுவதும் பல மாவட்டங்கள் அந்தப் பணத்தில் நிரந்தரப் பணியிடங்களை உண்டாக்கின. இங்கேயும் அப்படித்தான். தீபாவளி போனஸை நம்பி மாத வாடகையைக் கூட்டிக்கொண்டு பெரிய வீட்டுக்குக் குடிபோனவர் கதை. ஆலோசகர்கள் தேவைப்பட்டார்கள், உண்மை. வீட்டில் அடைபட்டிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது எப்படி இருந்தார்கள் என்று மகள் சொல்லியிருக்கிறாள். ஆனால் மூன்று வருடத்துக்குத்தான் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்க வேண்டும். பழக்கிவிட்டுப் பிடுங்குவது குழந்தையிடமிருந்து பால் புட்டியைப் பிடுங்குகிற மாதிரி.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கலிபோர்னியாவில் ஆசிரியர் ஓய்வூதிய நிதிக்குப் பள்ளி மாவட்டம் கட்டும் பங்கு, 2013-14-ல் சம்பளத்தில் 8.25 சதவீதமாக இருந்தது. அந்த நிதியில் இருந்த பெரிய ஓட்டையை அடைக்க 2014-ல் சட்டம் போட்டுப் படிப்படியாக ஏற்றினார்கள். இப்போது 19.1 சதவீதம். வகுப்பறைக்குள் வராமலே இந்தப் பணம் வெளியே போகிறது. மாதம் பிறந்தால் பென்ஷன் வாங்குகிற நான் இதைக் குறை சொல்ல முடியாது. முப்பது வருடம் பாடம் சொன்னவருக்குக் கொடுத்த வாக்கு அது. ஆனால் வாக்குக் கொடுத்த தலைமுறை அதற்கு வேண்டியதை அன்றைக்கே சேர்த்து வைக்கவில்லை. இன்றைய மூன்றாம் வகுப்புப் பிள்ளை கட்டுகிறான்.

மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளின் கல்விக்கும் இதே நிலைதான். 1975-ல் சட்டம் கொண்டுவந்தபோது, கூடுதல் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரும் என்று பேச்சு. ஒரு வருடம்கூட அது முழுதாக வந்ததில்லை. இப்போது அதில் பாதிகூட வருவதில்லை. அந்தக் குழந்தைகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துதான் ஆக வேண்டும். மிச்சத்தை மாநிலமும் பள்ளி மாவட்டமும்தான் போட வேண்டியிருக்கிறது.

ஆக, கட்டடப் பணத்தைத் தொட முடியாது. ஓய்வூதியப் பங்கைத் தொட முடியாது. சட்டப்படி செய்ய வேண்டியதைத் தொட முடியாது. மிச்சம் என்ன? நூலக அம்மா, இசை வாத்தியார். இவர்கள் தேவையில்லை என்று யாரும் முடிவு செய்யவில்லை. கை எட்டும் தூரத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான். அங்கே மார்ச் 15-க்குள் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் அடுத்த ஆண்டு நிறுத்த முடியாது. அதனால் பணம் எவ்வளவு வரும் என்று மாநில அரசு சொல்வதற்கு முன்பே பிப்ரவரியில் அவசர அவசரமாகப் பட்டியல் போடுகிறார்கள்.

கை எட்டும் தூரத்தில் இருப்பதை வெட்டுவது எப்படி என்று எனக்குத் தெரியும். நானே வெட்டியிருக்கிறேன். அதை இங்கே சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

1983 என்று நினைவு. நான் அப்போது உதவியாளர். சிக்கன நடவடிக்கை, சம்பளம் அல்லாத செலவில் பத்து சதவீதம் குறைக்கவும் என்று மேலிருந்து கடிதம் வந்தது. மின்கட்டணத்தைக் குறைக்க முடியாது. வாடகையைக் குறைக்க முடியாது. அதிகாரிகளின் பயணப்படியைக் குறைத்தால் என் தலை இருக்காது. எல்லாம் போக மிஞ்சியது மூன்று: ஆய்வகப் பொருள்கள், நூலகம், விளையாட்டுச் சாமான். மூன்றிலும் பத்துக்குப் பதிலாக நாற்பது சதவீதம் அடித்து, மொத்தத்தில் கணக்கைச் சரிக்கட்டினேன். கோப்பு மேலே போய் ஒரே நாளில் கையெழுத்தாகித் திரும்பியது. "நல்லா ஒர்க் பண்ணியிருக்கய்யா" என்றார் கண்காணிப்பாளர். அதைவிட முக்கியம், ஒரு பள்ளியிலிருந்தும் ஒரு புகாரும் வரவில்லை. புகார் வராததால், அடுத்த வருடமும் அதே குறைந்த தொகையே நிலைத்துவிட்டது. அதற்கடுத்த வருடமும்.

நாலு வருடம் கழித்து, ஆய்வுக்காகத் தெற்கே ஒரு மேல்நிலைப் பள்ளிக்குப் போயிருந்தேன். பிளஸ் டூ வேதியியல் ஆய்வகம். பீரோவைத் திறந்து காட்டச் சொன்னேன். மருந்துக் குப்பிகளுக்குப் பதிலாக ஹார்லிக்ஸ் பாட்டில்கள். அவற்றில் மயில்துத்தம், படிகாரம், நவச்சாரம். நாட்டு மருந்துக் கடைச் சரக்கு. பதிவேட்டில் இவை ஏறவில்லையே என்று கேட்டேன். வேதியியல் ஆசிரியர் சங்கடத்தோடு சிரித்தார்.

"ஆபீஸ்ல இருந்து வர்றது பத்தலைங்க சார். பசங்களுக்கு உப்புப் பகுப்பாய்வு சொல்லிக் கொடுக்கணும்ல. வருஷம் ஒரு நூத்தம்பது ரூபா கைக்காசு போட்டுக்குறேன். பேரியம் குளோரைடு மட்டும் அந்தக் கடையில கிடைக்காது. அதனால சல்ஃபேட் டெஸ்ட்டை மட்டும் போர்டுல எழுதிப் போட்டுருவேன்."

வெட்டியவன் நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. பதிவேட்டில் குறையெதுவும் எழுதாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அந்த ஊர்ப் பிள்ளைகள் சல்ஃபேட் வெள்ளையாக வீழ்படிவதைக் கண்ணால் பார்க்காமலே பரீட்சை எழுதியிருப்பார்கள்.

அன்றைக்குப் புரிந்தது ஒன்றுதான். அரசாங்கம் மிச்சம் பிடித்த அந்த நூற்றைம்பது ரூபாய் எங்கும் மறைந்துவிடவில்லை. ஓர் ஆசிரியரின் சட்டைப்பைக்கு மாறியது. அவராலும் முடியாத பகுதி, பிள்ளைகள் தலையில் இறங்கியது. செலவை வெட்டும்போதெல்லாம் இப்படித்தான். செலவு போய்விடுவதில்லை, ஆள் மாறுகிறது. எந்த ஆளுக்கு மாறுகிறது என்று எங்கள் கோப்பில் ஒரு கலம் கிடையாது.

கலிபோர்னியாக் கூட்டத்துக்கு வருகிறேன். பதினைந்தாவதோ பதினாறாவதோ ஆளாக ஒரு பெண்மணி வந்தார். ஸ்பானிஷில் பேசினார், பக்கத்தில் ஒருவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். வீடுகளைச் சுத்தம் செய்யும் வேலை. பள்ளி மூன்று மணிக்கு விடுகிறது, இவர் வேலை முடிய நாலரை ஆகிவிடும். அதுவரை மகள் நூலகத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாளாம். "நூலகத்தை மூடினால் அவள் எங்கே இருப்பாள் என்று உங்கள் தாளில் எழுதவில்லை" என்றார். மொழிபெயர்ப்புக்கும் நேரம் கொடுத்ததால் கடிகாரம் சிவப்பாகவில்லை. அவரே முடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

ஹார்லிக்ஸ் பாட்டில்கள் என் கண்முன் வந்து நின்றன.

என் பேரனுக்கு அந்த நூலக அம்மா போனால் என்ன ஆகும்? மகள் புத்தகம் வாங்கித் தருவாள். மாலையில் டியூஷன் வைப்பாள். இசை வாத்தியார் போனால் சனிக்கிழமை மிருதங்க வகுப்பு இருக்கவே இருக்கிறது. வசதியான பள்ளிகளில் பெற்றோர் சேர்ந்து அறக்கட்டளை நடத்துகிறார்கள். பிள்ளைக்கு இவ்வளவு என்று நன்கொடை கேட்டு, வெட்டுப்பட்ட பணியிடத்தைத் திரும்ப வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பெண்மணியின் மகளுக்கு யார் வாங்குவார்கள்? ஒரே தீர்மானம், ஒரே தொகை. ஒரு வீட்டில் அது மாதாந்திரச் செலவில் ஒரு வரி. இன்னொரு வீட்டில் ஒன்றரை மணி நேரம் ஒரு குழந்தைக்குப் போக்கிடம் இல்லை.

எல்லாருக்கும் சமமாக வெட்டுகிறோம் என்று சொல்வதை அதனால்தான் நான் நம்புவதில்லை. 2013-ல் கலிபோர்னியா நிதிப் பங்கீட்டையே மாற்றி, ஏழைக் குழந்தைகள், ஆங்கிலம் புதிதாகக் கற்கும் குழந்தைகள், வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள குழந்தைகள் ஆகியோருக்குக் கூடுதல் பணம் கொடுத்தது. நல்ல காரியம். அதே நியாயம் வெட்டும்போதும் இருக்க வேண்டாமா? கொடுக்கும்போது யாருக்குத் தேவை என்று பார்க்கிறோம். பிடுங்கும்போது எது எட்டுகிறது என்று பார்க்கிறோம்.

அப்படியானால் பற்றாக்குறையை எப்படி அடைப்பது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அடைக்காமல் இருக்க முடியாது. பக்கத்து ஊரான ஓக்லாந்தின் பள்ளி மாவட்டம் 2003-ல் நொடித்துப்போய், மாநில அரசிடம் பத்துக் கோடி டாலர் அளவில் அவசரக் கடன் வாங்கியது. நிர்வாகத்தையே மாநிலம் தன் கையில் எடுத்துக்கொண்டது. கடனை அடைக்க இருபது வருடத்துக்கு மேல் ஆனது. சூப்பரிண்டெண்ட் அலுவலகச் செலவையும் வெளி ஆலோசகர்களின் கட்டணத்தையும் குறைக்கச் சொல்லிக் கூட்டத்தில் பலர் கத்தினார்கள். குறைக்கட்டும். முதலில் குறைக்க வேண்டியது அதுதான். ஆனால் பள்ளி நிர்வாகத்தில் ஏறக்குறைய எண்பது சதவீதம் சம்பளமும் அதைச் சார்ந்ததும்தான். மிச்சத்தில் எவ்வளவு சுரண்டினாலும் குழி நிரம்பாது.

என் கணக்கில் மிஞ்சியது ஒரே வழி. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், கட்டடங்கள் குறையவில்லை. பாதி காலியான இரண்டு பள்ளிகளுக்கு இரண்டு முதல்வர், இரண்டு அலுவலகம், இரண்டு நூலகம், இரண்டு கூரைக்குப் பராமரிப்பு. எல்லாப் பள்ளியிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆளைக் கழித்து, எல்லாப் பிள்ளைகளையும் அரைப்பட்டினி போடுவதைவிட, ஒரு பள்ளியை மூடி மற்றவற்றை முழுதாக வைத்துக்கொள்வது மேல். எந்தப் பள்ளி என்பதிலும் எனக்கு ஒரு நிபந்தனை உண்டு. மூடினால் யார் வீட்டுப் பிள்ளைகள் எளிதில் சமாளிப்பார்களோ அந்தப் பள்ளி.

நம்மூருக்கு இதை அப்படியே எடுத்துக்கொண்டு வரக் கூடாது. கிராமத்துத் தொடக்கப் பள்ளியை மூடினால் ஆறு வயதுப் பிள்ளை நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து போக வேண்டியிருக்கும். பெண் பிள்ளையை நிறுத்தியே விடுவார்கள். அங்கே நான் சொல்லும் பள்ளியை மூடினால், பெற்றோர் காரில் கூடுதலாக ஐந்து நிமிடம் ஓட்ட வேண்டும். அவ்வளவுதான்.

இதை இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்பா, நீங்க சொல்ற கணக்குப்படி மூட வேண்டியது நம்ம ஸ்கூலைத்தான். தெரியுமில்ல?"

தெரியும். அறிக்கையின் பின்னிணைப்பில் பள்ளிவாரியாகப் பிள்ளைகள் எண்ணிக்கையும் கட்டடக் கொள்ளளவும் இருந்தன. மிகவும் காலியாக இருந்தது பேரன் படிக்கும் பள்ளிதான். வசதியான குடும்பங்கள் இருக்கும் பகுதியும் அதுதான். அந்தப் பெண்மணியின் மகள் படிக்கும் பள்ளி நிரம்பியிருந்தது.

"இந்த ஸ்கூலுக்காகத்தான்பா இந்தத் தெருவுல வீடு வாங்கினோம். முப்பது வருஷம் கட்ட வேண்டிய லோன். ஸ்கூலை மூடினா வீட்டு விலை என்ன ஆகும்? இவனோட ஃபிரெண்ட்ஸெல்லாம் என்ன ஆவாங்க?" அவள் குரல் கம்மியது. மாப்பிள்ளை என்னைப் பார்க்காமல் ரசம் ஊற்றிக்கொண்டார். என் மனைவி மட்டும், "ஊருக்குத்தான் உபதேசம்னு இல்லாம வீட்டுக்கும் சேர்த்துச் சொல்றார், அந்த மட்டுக்கும் சரி" என்றாள். அது பாராட்டா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மகளின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அவள் பயமும் பொய்யில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். 1983-ல் நான் அதிகாரிகளின் பயணப்படியைத் தொடாமல் ஆய்வகத்தை வெட்டியதும் இதே காரணத்தால்தான். சத்தம் போடக்கூடியவர்கள் இருக்கும் பக்கம் கத்தியைத் திருப்பவில்லை. பள்ளியை மூடும் பேச்சை எடுத்தால் எங்கள் தெருவே கூட்டத்துக்குப் போகும். ஆளுக்கு இரண்டு நிமிடம், நல்ல ஆங்கிலத்தில். நூலகத்தை வெட்டினால் ஓர் அம்மா மொழிபெயர்ப்பாளரோடு வந்து பேசிவிட்டுப் போவார். வாரியத்தில் இருப்பவர்களும் அடுத்த தேர்தலைச் சந்திக்க வேண்டியவர்கள்தானே.

கூட்டத்தில் நான் பேசவில்லை. பேசுவதற்கான சீட்டை வாங்கிப் பெயரை எழுதி, சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். விருந்தாளியாக வந்தவன் மகளுக்குத் தர்மசங்கடம் வைக்கக் கூடாது என்று அன்று நினைத்தேன். இன்று நினைத்தால், பதிவேட்டில் ஒன்றும் எழுதாமல் கையெழுத்துப் போட்டதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் தெரியவில்லை. அதனால்தான் இங்கேயாவது எழுதுகிறேன்.

மார்ச் 15-க்குள் நோட்டீஸ்கள் போய்விட்டன. பிறகு ஏதோ சமரசமாகி, நூலகத்தை வாரத்தில் இரண்டு நாள் மட்டும் திறப்பதென்று முடிவானது. கட்டடங்களைப் பற்றி ஆராய ஒரு குழு போட்டிருக்கிறார்கள். குழு போட்டால் என்ன அர்த்தம் என்று கணக்குப் பிரிவில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பேரன் செவ்வாயும் வியாழனும் புத்தகம் எடுத்து வருகிறான். திங்கள், புதன், வெள்ளியில் அந்தச் சிறுமி எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

ஊருக்குத் திரும்பி இரண்டு வாரம் கழித்து மகள் போனில் கேட்டாள்: "அப்பா, அந்தப் பள்ளிவாரியா ஒரு அட்டவணை போட்டீங்களே, அதை அனுப்புங்க. அந்தக் குழுவுல பெற்றோர் பிரதிநிதி கேட்டிருக்காங்க. பெயர் கொடுத்திருக்கேன். நீங்க சொல்றதை ஒத்துக்கிட்டேன்னு நினைச்சுக்காதீங்க, முதல்ல கணக்கைப் பார்க்கணும்."

அனுப்பிவிட்டேன். அட்டவணையின் கடைசியில் ஒரு கலத்தைப் புதிதாகச் சேர்த்தேன். தலைப்பு: 'இந்தச் செலவை வெட்டினால் ஏற்கப்போவது யார்?' அந்தக் கலத்தை நிரப்பவில்லை. அங்கே இருப்பவர்கள்தான் நிரப்ப வேண்டும்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் எதையாவது குறைத்தபோது அது யார் தலையில் விழுந்தது என்று நினைவிருந்தால் எழுதுங்கள். கைக்காசு போட்ட ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு என் தாமதமான வணக்கம்.